சுவரில் எழுதிய கணக்கு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், இளைஞர் குழுவினர் நடத்திய ஒரு நாள் வரலாற்றுச் சுற்றுலாவைக் குறித்து ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்படுகின்ற இந்த அவையில், சுற்றுலாவைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். கணக்கு வாசிக்கும் மேடையில் சுற்றுலாவுக்கு என்ன இடம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆனால் நான் சொல்ல வந்ததும் கணக்கைப் பற்றியதுதான். காலையில் வரலாற்றைப் பார்க்கப் புறப்பட்டோம்; மாலையில் ஒரு பழைய கணக்கு நம்மை நோக்கிக் கேள்வி கேட்டது. அந்தக் கேள்வியை உங்கள் முன்னால் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சுற்றுலா என்றதும் உதகையும் ஏற்காடும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இளைஞர்கள் இம்முறை வேறு விதமாகச் சிந்தித்தார்கள். வடநாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் நம் காஞ்சிபுரத்தைத் தேடி வருகிறார்கள்; இங்கேயே பிறந்து வளர்ந்த நாமோ பிள்ளையார்பாளையம் வழியாக எத்தனையோ முறை சென்றும், அதற்கு அருகிலுள்ள கைலாசநாதர் கோயிலைச் சாலையில் நின்றபடி பார்த்ததோடு சரி. ஆகவே, சொந்த ஊரை ஒரு நாள் சுற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

"அவை கோயில்கள் அல்லவா, நமக்கு அங்கே என்ன வேலை?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். வழிபாடு வேறு, வரலாற்றைப் படிப்பது வேறு. வழிபாட்டுக்குரிய கருவறைப் பக்கம் நாங்கள் செல்லவில்லை. அந்தந்த இடத்தின் மரபை மதித்து வெளிச்சுற்றோடு நின்றோம். ஆனால் வெளிச்சுவர்களில் எழுதப்பட்டிருப்பவை இந்த மண்ணின் ஆவணங்கள். அரசர் யார், போர் எப்போது நிகழ்ந்தது, ஏரியை யார் பராமரித்தார்கள், ஊரை யார் நிர்வகித்தார்கள் என்னும் செய்திகள் அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் கற்சுவர்களில்தான் எழுதி வைக்கப்பட்டன. இம்மண்ணில் பிறந்த எவருக்கும் அந்த ஆவணங்களைப் படிக்கும் உரிமை உண்டு, கடமையும் உண்டு.

காலையில் முதலில் கைலாசநாதர் கோயிலுக்குச் சென்றோம். இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது இது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கட்டடத்தின் பெரும்பகுதி மணற்கல். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளின் மழையிலும் வெயிலிலும் அந்த மணற்கல் சிற்பங்கள் பல இடங்களில் தேய்ந்து உருவம் மங்கிவிட்டன. ஆனால் அடித்தளத்தில் கடினமான கருங்கல் வரிசை ஒன்று இருக்கிறது. கட்டியவரின் வரலாற்றைக் கூறும் எழுத்துகள் அந்தக் கருங்கல்லில் இன்றும் நிலைத்திருக்கின்றன. சுற்றுச் சுவரை ஒட்டிய சிறு கோயில்களில் இராசசிம்மனின் விருதுப் பெயர்கள் பல்வேறு எழுத்து வடிவங்களில் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. முன்புறமுள்ள சிறு கோயில் ஒன்றில் ரங்கபதாகை என்னும் அரசியின் பெயர் இருக்கிறது. அரசனின் பெயர் மட்டுமன்றி, பணி செய்த பெண்ணின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த சகோதரிகள் அந்த இடத்தில் சற்று அதிக நேரம் நின்றார்கள்.

அங்கேயே மண்டபத் தூண் ஒன்றில் கன்னட மொழியில் ஒரு கல்வெட்டு உள்ளது. காஞ்சிபுரத்துக் கோயிலில் கன்னடம் எவ்வாறு வந்தது? அதன் பின்னணியை அறிந்தால்தான் அதன் பெருமை விளங்கும். வாதாபியைத் தலைநகராகக் கொண்ட சாளுக்கியர்களுக்கும் காஞ்சிப் பல்லவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. கி.பி. 642ஆம் ஆண்டில் முதலாம் நரசிம்மவர்மனின் படை வாதாபியைக் கைப்பற்றியது. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று நகருக்குள் நுழைந்தான். பழி தீர்க்க அவனுக்குக் காரணம் இருந்தது, படையும் இருந்தது, தடுப்பார் யாரும் இல்லை. ஆனால் அவன் நகரத்தைச் சூறையாடவில்லை. இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை எடுத்துச் செல்லாமல் கோயிலுக்கே திரும்ப வழங்கினான். அந்தச் செய்தியைத்தான் அந்தக் கன்னடக் கல்வெட்டு கூறுகிறது. பின்னர் அவனுடைய அரசி லோகமகாதேவி பட்டதக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயலைக் காணலாம் என்று அறிஞர்கள் கூறுவர். பகைவனின் ஊரை எரிக்க வந்தவன், பகைவனின் கலையைக் கற்றுக்கொண்டு சென்றான்.

இதைக் கேட்ட இளைஞர் ஒருவர், "வென்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் நடந்தார்களா?" என்று வினவினார். இல்லை. உண்மையை உள்ளபடியே சொல்ல வேண்டும். நம் ஊர் வரலாற்றிலேயே அச்சத்தின் பக்கமும் உண்டு. 1688ஆம் ஆண்டில் முகலாயப் படை வருகிறது என்ற அச்சத்தால் வரதராசப் பெருமாள் கோயிலின் உற்சவத் திருமேனியை மறைவாக எடுத்துச் சென்று உடையார்பாளையத்தில் வைத்துப் பாதுகாத்தார்கள். 1710ஆம் ஆண்டில் அது மீண்டும் காஞ்சிக்கு வந்து சேர்ந்தது. அவ்வாறு வந்து சேர உதவியவர்களுள் ஆர்க்காட்டு ஆட்சியில் பணிபுரிந்த தோடர்மால் என்பவர் முக்கியமானவர். அக்கோயிலின் கல்வெட்டு இந்நிகழ்வைக் கூறுகிறது. ஒரு முஸ்லிம் பேரரசின் படையைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள் என்பதும் வரலாறு. ஒரு முஸ்லிம் ஆட்சியின் அதிகாரி அந்த அச்சம் நீங்கத் துணை நின்றார் என்பதும் வரலாறு. முதலாவதை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் பேசினால் நம் பேச்சை எவரும் நம்பமாட்டார்கள். இரண்டாவதை மறைத்து முதலாவதை மட்டும் பேசுகிறவர்களுக்கு விடை சொல்லும் தகுதி, இரண்டையும் பேசுகிறவர்களுக்கே உண்டு.

அடுத்து வேகவதி ஆற்றைக் கடந்து திருப்பருத்திக்குன்றம் சென்றோம். சமணக் காஞ்சி என்று பெயர் பெற்ற இடம் அது. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அரசின் அமைச்சராக விளங்கிய இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பினார். மேல்தளத்தில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இந்நகரில் பௌத்த மடங்கள் பல இருந்ததைத் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். பௌத்தம் இங்கே இன்று பெரும்பாலும் நினைவாகிவிட்டது. சமணம் சிறு அளவில் இன்றும் வழிபாட்டோடு நிலைத்திருக்கிறது. எண்ணிக்கையில் சிறிய ஒரு சமுதாயம் தன் நினைவை எவ்வாறு காப்பாற்றிக்கொள்வது என்பதற்குத் திருப்பருத்திக்குன்றம் ஒரு பாடம். எழுதியும் வரைந்தும் வைத்ததனால் அவர்கள் கதை நமக்குக் கிடைத்தது.

நகருக்குத் திரும்பி வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபத்தைப் பார்த்தோம். இரண்டாம் நந்திவர்மன் காலத்தது. பல்லவ அரச மரபின் வரலாறே அங்கே சிற்பத் தொடராக அமைந்திருக்கிறது. மன்னன் வாரிசின்றி மறைந்தபோது, அமைச்சர்களும் கற்றோரும் நகரத்துப் பெருமக்களும் கூடி, அரச குடும்பத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்றார்கள். அவர் தம் மக்களை அழைத்துக் கேட்டபோது மூத்தவர்கள் தயங்கினார்கள். பன்னிரண்டு வயதே ஆன இளையவன் பொறுப்பை ஏற்க முன்வந்தான். அவனே நந்திவர்மன். சிற்பங்களும் அவற்றோடு பொறித்த எழுத்துகளும் இந்நிகழ்வைக் கூறுகின்றன. இக்கோயிலுக்கு அருகே ஒரு பள்ளிவாசல் இருப்பதையும், குளம் இரண்டுக்கும் பொதுவாக விளங்கி வந்திருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். வழிபாடு வேறாக இருந்தாலும் தண்ணீர் ஒன்றாக இருந்த ஊர் இது.

ளுஹர் தொழுகையையும் மதிய உணவையும் முடித்துக்கொண்டு, பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர் புறப்பட்டோம். நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கடைவீதிக்கு அருகிலேயே இருக்கும் அந்த வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம், காலையில் பார்த்த கட்டடங்களோடு ஒப்பிட்டால் மிகவும் எளிமையானது. படம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சிற்பம் ஒன்றும் இல்லையே என்று சிறுவர்கள் சோர்ந்து போனார்கள். அதன் சிறப்பு சுவரில் இருக்கிறது. சுவர் முழுவதும் எழுத்து. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் அவ்வூர்ச் சபை கூடி எடுத்த தீர்மானங்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஊர் நிர்வாகக் குழுவை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே அத்தீர்மானங்களின் பொருள்.

அன்பிற்கினிய ஜமாஅத்தார்களே! இந்த இடத்தில் உங்கள் கவனத்தைச் சற்றுக் கூடுதலாக வேண்டுகிறேன்.

அவ்வூர் முப்பது குடும்புகளாக, இன்றைய வழக்கில் சொன்னால் முப்பது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். ஊரார் இளையோரும் முதியோருமாகக் கூடியிருக்க, முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்டுவார். எதையும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதைப் பெறுகின்றவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையைத் திறந்து வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை மறைத்து வைக்கப்படவில்லை என்பதை ஊரறியச் செய்யும் ஏற்பாடு அது. பின்னர் அவர் பெயரை உரக்க வாசிப்பார். அங்கிருக்கும் மற்றவர்களும் அதே ஓலையை வாங்கி வாசிப்பார்கள். அதன் பிறகே பெயர் பதிவாகும்.

இவ்வாறு தேர்ந்தவர்களில் பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் செல்வார்கள். பதவிக் காலம் 360 நாள். ஒரு முறை வாரியத்தில் இருந்தவர், இடையில் மூன்று ஆண்டுகள் கழியாமல் மீண்டும் வர இயலாது. நேர்மையான வழியில் பொருள் ஈட்டியவராகவும் மனத் தூய்மை உடையவராகவும் இருக்க வேண்டும் என்பதும் விதி. 919ஆம் ஆண்டின் தீர்மானத்தில் வயது வரம்பு முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்று இருந்தது; 921ஆம் ஆண்டில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றினார்கள். விதி சரியாக அமையவில்லை என்று கண்டால் இரண்டே ஆண்டுகளில் திருத்திக்கொள்ள அவர்கள் தயங்கவில்லை.

அனைத்திலும் முக்கியமானது மற்றொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், மீண்டும் எந்த வாரியத்துக்கும் வரக்கூடாது. அவர் மட்டுமல்ல. அவருடைய தந்தை, மகன், மாமனார், மருமகன், சகோதரியின் கணவர், சிற்றன்னை பெரியன்னை மக்கள் என்று நெருங்கிய உறவினர் எவருடைய பெயரும் குடத்தில் இடப்படக்கூடாது. ஒருவர் கணக்குக் காட்டாவிட்டால் அவர் குடும்பமே பொதுப் பொறுப்புக்குத் தகுதி இழக்கும். கணக்கு எழுதுகின்றவருக்கும் தனி விதி இருந்தது: தாம் எழுதிய கணக்கைத் தாமே சபையில் ஒப்புவிக்க வேண்டும், வேறொருவரைக் கொண்டு முடித்துவிட முடியாது.

இதையெல்லாம் ஓலையில் எழுதிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊர் கூடும் மண்டபத்தின் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். வருவோரும் போவோரும் படிக்கலாம். பதவியில் இருப்பவர் விதியை மாற்றிச் சொல்ல முடியாது.

இதனைச் சொல்லும்போது மிகைப்படுத்தலும் ஆகாது. இந்தச் சபை நான்கு வேதம் கற்ற அந்தணர்களுக்கு வழங்கப்பட்ட ஊரின் சபை. உறுப்பினராவதற்குக் குறிப்பிட்ட அளவு வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர்களுக்கும் நெசவு செய்தவர்களுக்கும் இடமில்லை. இன்றைய மக்களாட்சியோடு அதனை அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. எவரெவர் வரலாம் என்பதில் அவர்கள் வட்டம் மிகவும் குறுகியது. ஆனால் வந்தவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதில் அவர்கள் வகுத்த விதி மிகவும் கடுமையானது. நாம் இன்று வட்டத்தை விரித்துவிட்டோம். விதியை இறுக்கினோமா என்பதே கேள்வி.

அன்று ஏரி வாரியம் பராமரித்த வைரமேகத் தடாகம் என்னும் பெரிய ஏரி உத்திரமேரூரில் இன்றும் இருக்கிறது. பல்லவர் காலத்தில் தோன்றிய ஏரி, கணக்குக் கேட்கப்பட்ட நிர்வாகத்தின் கீழ் தலைமுறைகளுக்குத் தண்ணீர் தந்தது. கணக்கு என்பது வெறும் எண்களின் வரிசை அன்று. அதன் மறுபுறத்தில் வயலுக்குத் தண்ணீர் இருக்கிறது.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். எழுதி வைப்பது நமக்குப் புதிதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தாளரைக் கொண்டு, சாட்சிகளை வைத்து எழுதிக்கொள்ளுமாறு கூறும் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம் என்பதை இங்குள்ள ஆலிம்கள் அறிவார்கள். இரண்டு மனிதர்களுக்கு இடையிலான கடனுக்கே இவ்வளவு கவனம் என்றால், ஊராரின் சந்தாவுக்கும் வக்ஃபுச் சொத்துக்கும் எவ்வளவு கவனம் வேண்டும்!

வக்ஃபுச் சொத்துகளைப் பொறுத்தவரை இது இன்றைய அவசரத் தேவையும் ஆகும். 2025ஆம் ஆண்டின் வக்ஃபுத் திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, சொத்துகளின் விவரங்களை மத்திய அரசின் இணையத் தளத்தில் பதிவேற்ற வேண்டும் என்ற நிலை வந்துள்ளது. அச்சட்டத்தைப் பற்றிய கருத்துகளும் வழக்குகளும் ஒருபுறம் இருக்கட்டும். பதிவேற்றுவதற்கு நம் கையில் என்ன இருக்கிறது? "எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து இது பள்ளிவாசல் நிலம்" என்று வாயால் சொல்வது எந்த அலுவலகத்திலும் செல்லாது. பத்திரம் வேண்டும், வரி கட்டிய ரசீது வேண்டும், வாடகைப் புத்தகம் வேண்டும், பழைய கூட்டங்களின் தீர்மானப் புத்தகம் வேண்டும். எத்தனையோ ஊர்களில் இவை முன்னாள் நிர்வாகிகளின் வீட்டு அலமாரிகளில் தங்கி, அவர்கள் காலத்துக்குப் பின் கரையானுக்கு இரையாகின்றன. கருங்கல்லில் எழுதியது நிற்கும், மணற்கல் தேயும் என்பதைக் காலையில் பார்த்தோம். நம் காகிதங்கள் மணற்கல்லைக் காட்டிலும் மெலிந்தவை.

ஆகவே, இந்தச் சுற்றுலாவின் பயனாக நான்கு வேண்டுகோள்களை இப்பேரவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, நிக்காஹ் பதிவேடு, தீர்மானப் புத்தகம், சொத்துப் பத்திரங்கள், அடக்கத்தலப் பதிவேடு ஆகிய அனைத்தையும் பள்ளிவாசல் அலுவலகத்துக்குக் கொண்டு வந்து சேர்ப்போம். யார் வீட்டில் எது இருந்தாலும் கேள்வி எதுவும் கேட்காமல் நன்றியோடு பெற்றுக்கொள்ள வேண்டும். அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து மூன்று இடங்களில் பாதுகாக்கும் பணியை இளைஞர்கள் ஏற்க முன்வந்துள்ளார்கள். பன்னிரண்டு வயதில் நாட்டையே ஏற்ற நந்திவர்மனைப் பார்த்து வந்த பிள்ளைகள். இந்தப் பொறுப்பை அவர்களிடம் நம்பி ஒப்படைக்கலாம்.

இரண்டாவது, ஆண்டுக் கணக்கு இந்த மலரில் அச்சிடப்படுவதோடு நில்லாமல், பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையிலும் மாதந்தோறும் இடம்பெற வேண்டும். நம்முடைய சுவரும் பேசட்டும்.

மூன்றாவது, பொறுப்பிலிருந்து விலகுகின்றவர் தம் காலத்துக் கணக்கைத் தாமே ஒப்புவித்து, பேரவையின் ஒப்புதலைப் பெற்ற பிறகே விடைபெறுவது என்ற மரபை எழுத்து வடிவில் விதியாக்க வேண்டும். இது எவரையும் ஐயுறுவதற்காக அன்று. திறந்த உள்ளங்கையோடு ஓலையை வாங்கியவர் அவமானப்படவில்லை. ஊரின் நம்பிக்கையைப் பெற்றார். கணக்குக் கேட்பது நேர்மையாளருக்குக் காவல்.

நான்காவது, இத்தகைய சுற்றுலா ஆண்டுதோறும் தொடர வேண்டும். நம் பிள்ளைகள் இந்த ஊரில் விருந்தாளிகளைப் போல வளரக்கூடாது. இராசசிம்மனும் ரங்கபதாகையும் இருகப்பரும் தோடர்மாலும் வாழ்ந்த வரலாறு அவர்களுடைய வரலாறும்தான். அடுத்த முறை மாற்று மத நண்பர்களையும் உடன் அழைத்துச் செல்வோம். அவர்களை நம் பள்ளிவாசலுக்கும் அழைத்து, இங்குள்ள பழைய ஆவணங்களைக் காட்டுவோம். காட்டுவதற்கு அவை அப்போது நம் கையில் இருக்க வேண்டும்.

சகோதரர்களே! உத்திரமேரூர்ச் சபையில் இருந்தவர்களின் மாளிகைகள் எவையும் இன்று இல்லை. அவர்கள் ஆண்ட தோட்டங்களின் எல்லைகள் மாறிவிட்டன. கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது என்று அவர்கள் எழுதிய வரி மட்டும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் படிக்கும்படி நிற்கிறது. நாமும் மறுமையில் கணக்கு உண்டு என்று நம்புகின்ற மக்கள். அந்தக் கணக்குக்கு அஞ்சுகின்றவர்கள் இந்தக் கணக்கைத் தயங்காமல் எழுதுவார்கள்.

நம் பொறுப்புகளை அமானிதமாகக் கருதி நிறைவேற்றும் நல்வாய்ப்பை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.